முதல்முறை சைவத்துக்கு மாறுகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்?

கேள்வி இதுதான்: இத்தனை வருடமும் கிட்டத்தட்ட தினமும் கறியோ மீனோ சாப்பிட்டுப் பழகிய ஒருவர், இப்போது சைவத்துக்கு மாறிப் பார்க்க நினைக்கிறார். ஒரேயடியாக நிறுத்திவிடலாமா, மெல்லக் குறைக்கலாமா, புரதம் போதுமா, உடம்பு சோர்ந்து போகுமா, ஆளுக்கொன்று சொல்கிறார்களே, எதை நம்புவது என்று கேட்கிறார்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கறியை நிறுத்துவதில் பெரிய வேலை எதுவும் இல்லை, நாளைக்கு வாங்காமல் இருந்தால் நின்றுவிடும். அது இருந்த இடத்தில் எதை வைக்கப் போகிறீர்கள் என்பதுதான் முழு வேலையும். முதல்முறை முயன்று மூன்றாவது, நான்காவது வாரத்தில் விட்டுவிட்டவர்களிடம் பேசிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். தட்டிலிருந்து கறியை எடுத்திருப்பார்கள், மிச்சம் இருந்ததையே கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள். சோறு கூடியிருக்கும், ரொட்டி கூடியிருக்கும், உருளைக்கிழங்கு கூடியிருக்கும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பசி எடுக்கும், பிஸ்கட்டைத் தேடுவார்கள், சாயங்காலம் தலை வலிக்கும், "நமக்கு இது ஒத்துவராது" என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். இதில் மன உறுதிக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்கள் சைவம் சாப்பிடவே இல்லை, கறி இல்லாத பாதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள்.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: முட்டை உண்டா இல்லையா, பால் உண்டா இல்லையா? இங்கிலாந்தில் 1847-லேயே சைவ உணவுக்கென்று சங்கம் தொடங்கிவிட்டார்கள். பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்றவர்கள் 1944-இல் வீகன் சங்கம் என்று தனியாக அமைத்துக்கொண்டார்கள். கொள்கை வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், உங்களுக்கு இந்த முடிவு தேவைப்படுவது சத்துக் கணக்குக்காக. பாலும் முட்டையும் இருந்தால் வைட்டமின் பி12, கால்சியம், புரதம் மூன்றிலும் பாதிக் கவலை குறைந்துவிடும். இரண்டும் இல்லை என்றால் பி12 மாத்திரையை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும், அதில் பேரம் பேச இடமில்லை. முதல்முறை முயல்பவருக்கு நான் சொல்வது, மனசாட்சி தடுக்காவிட்டால் பாலையாவது வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பிறகு வேண்டுமானால் அதையும் விடலாம்.

புரதத்துக்கு வருவோம், எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் புரதம் போதும் என்பது பரவலாக ஏற்றுக்கொண்ட கணக்கு. 60 கிலோ எடை என்றால் 48 கிராம். வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30 கிராம் கிடைத்துவிடும் என்பதால் இதுவரை நீங்கள் இதைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டீர்கள். வேகவைத்த பருப்பிலும் கொண்டைக்கடலையிலும் 100 கிராமுக்கு எட்டு, ஒன்பது கிராம்தான். அதனால் கறி இருந்த அளவுக்கே ஒரு கரண்டி பருப்பு போட்டுக்கொண்டால் கணக்கு சரிவராது, ஒரு பெரிய கப் நிறைய வேண்டும். அதுவும் கெட்டியாக. நீர்க்கக் கரைத்த பருப்பில் தண்ணீர்தான் அதிகம், அதைக் குடித்துவிட்டு புரதம் சாப்பிட்டதாக நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

ஒரு நாளைக்கு எப்படி வரும் என்று பாருங்கள். மதியம் வெந்த பருப்போ கடலையோ 200 கிராம், அதில் 18 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம் இருக்கும், அதில் ஏழு கிராம். ஒரு டம்ளர் பால் 250 மில்லி, எட்டு கிராம். ராத்திரிக்கு மீல்மேக்கர் காய்ந்த எடையில் 30 கிராம், அதிலிருந்து 15 கிராம். இதிலேயே 48 வந்துவிட்டது, சோறு அல்லது கோதுமையில் வருகிறதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. முட்டை சாப்பிட்டால் ஒன்றுக்கு ஆறு கிராம் இன்னும் கூடும். பனீரும் டோஃபுவும் இருக்கின்றன. உடற்பயிற்சி கடுமையாகச் செய்பவர்கள், வயதானவர்கள், இவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அதையும் இதே பொருட்களை வைத்தே எட்டிவிடலாம்.

"தாவரப் புரதம் முழுமையானது இல்லையே" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அதில் உண்மை இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. புரதம் அமினோ அமிலங்கள் என்கிற துண்டுகளால் ஆனது, அவற்றில் உடம்பால் செய்துகொள்ள முடியாதவை ஒன்பது. தானியங்களில் லைசின் என்கிற அமிலம் குறைவு, பருப்பு வகைகளில் அது தாராளமாக இருக்கிறது. பருப்பில் குறைவாக இருக்கிற மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. இரண்டையும் சாப்பிட்டால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டிவிடும். ஒரே வேளையில் ஒரே தட்டில் இரண்டும் இருந்தாக வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள், இப்போது அப்படிச் சொல்வதில்லை, அந்த நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும்.

சரி, சோர்வு? முதல் சில வாரங்களில் வரும் சோர்வுக்குப் புரதமும் இரும்பும் பெரும்பாலும் காரணமே இல்லை, அவை அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகாது. மொத்தத்தில் குறைவாகச் சாப்பிடுகிறீர்கள், அவ்வளவுதான். காய்களும் கீரையும் வயிற்றை நிறைக்கும், கலோரி குறைவாகத்தான் தரும். கறியோடு வந்த கொழுப்பும் போய்விட்டது. கொட்டைகள், எள், தேங்காய், கொஞ்சம் நல்ல எண்ணெய், தயிர் இவற்றைத் தைரியமாகச் சேர்த்துக்கொண்டாலே பலருக்குச் சோர்வு போய்விடும். எடை குறைக்கத்தான் மாறுகிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சைவம் என்றாலே எடை குறையாது. சிப்ஸும் சைவம்தான், சர்க்கரைத் தண்ணீரும் சைவம்தான்.

அடுத்தது வயிறு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆனால் புதியவர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். பருப்பிலும் கடலையிலும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. அதனால் அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன, அவை வாயுவை உண்டாக்குகின்றன. வயிறு உப்புவது, காற்றுப் பிரிவது எல்லாம் இதனால்தான், ஒவ்வாமை என்று நினைத்து அலற வேண்டாம். முழுக் கடலை வகைகளை ராத்திரியே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவையுங்கள். முதல் வாரத்தில் தோல் நீக்கிய பருப்பில் தொடங்குங்கள், கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் அப்புறம் வரட்டும். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் சில வாரங்களில் குடலும் பழகிக்கொள்ளும். நார்ச்சத்து திடீரென்று கூடும்போது தண்ணீர் குறைவாகக் குடித்தால் மலச்சிக்கல்தான் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஜ்மா என்றதும் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும், புதிதாகச் சமைப்பவர்களுக்குத் தெரியாமல் போகிற விஷயம் இது. வேகவைக்காத ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்கிற நச்சுத்தன்மையுள்ள புரதம் இருக்கிறது. சரியாக வேகாத கொஞ்சம் கொட்டைகளே கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவந்துவிடும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பிரஷர் குக்கரில் வைத்தால் நிம்மதி. மெதுவாகச் சூடேறும் மின்பாத்திரத்தில் (ஸ்லோ குக்கர்) நேரடியாகப் போட்டு மணிக்கணக்கில் வைப்பது ஆபத்து, அந்தச் சூடு நச்சை அழிக்கப் போதாது.

இரும்புச்சத்தை நான் புரதத்தைவிட முக்கியமாகப் பார்க்கிறேன், குறிப்பாக மாதவிலக்கு வருகிற பெண்களுக்கு. கறியில் இருக்கும் இரும்பில் கணிசமான பகுதி ஹீம் வகை, அது உடம்பில் சுலபமாக ஏறிவிடும். தாவரத்தில் இருப்பது வேறு வகை, சாப்பிடுவதில் சிறு பங்குதான் ஏறும், அதுவும் கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து ஏறும் இறங்கும். அமெரிக்கப் பரிந்துரைகளில் சைவம் சாப்பிடுபவர்களுக்கு இரும்பு 1.8 மடங்கு வேண்டும் என்று வைத்திருப்பது இதனால்தான். ஆனால் இந்த விஷயத்தில் உங்கள் கையில் நிறைய இருக்கிறது. பருப்பு, கடலை, எள் இவற்றோடு ஒரு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், அல்லது தக்காளி, குடைமிளகாய், கொய்யா, ஆரஞ்சு என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது அதே வேளையில் இருக்கட்டும், ஏறுகிற இரும்பு நன்றாகவே கூடும். சாப்பாட்டோடு டீயோ காபியோ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள், அவற்றில் இருக்கும் பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது எல்லாம் தானியத்திலும் பருப்பிலும் இருந்துகொண்டு இரும்பு ஏறுவதைத் தடுக்கிற பைட்டேட் என்கிற பொருளைக் குறைக்கும், இரும்போடு துத்தநாகத்துக்கும் அதனால் லாபம்.

பசலைக்கீரை சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று நம்பி அதையே தினமும் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அதில் இரும்பு இருப்பது உண்மைதான், ஆனால் அதிலிருந்து உடம்பில் ஏறுவது குறைவு. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஆக்சலேட் அதில் அதிகம் என்பதால் கால்சியமும் அதிலிருந்து சரியாகக் கிடைக்காது. கீரை நல்லதுதான், வேறு சத்துகளுக்காகத் தாராளமாகச் சாப்பிடுங்கள், இரும்புக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

இனி பி12. இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன். இந்த வைட்டமினைச் செடியும் தயாரிக்காது, விலங்கும் தயாரிக்காது, பாக்டீரியாதான் தயாரிக்கிறது. நமக்கு அது விலங்கு உணவு வழியாகத்தான் வருகிறது. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும், ரொம்பச் சின்ன அளவுதான். ஆனால் கல்லீரலில் சில வருடங்களுக்கான இருப்பு இருக்கும் என்பதால், பற்றாக்குறை தொடங்கியதே தெரியாது. முதல் வருடம் எல்லாம் பிரமாதமாக இருக்கும், "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன்" என்று தோன்றும். பிறகு ஒரு நாள் கை கால் மரத்துப்போவது, நடையில் தடுமாற்றம், மறதி, சோகை என்று வரும்போது நரம்பு ஏற்கனவே பாதிக்கப்பட்டிருக்கும், சில சமயம் அது முழுதாகத் திரும்புவதில்லை. சைவ உணவில் தாராளமாகக் கிடைக்கும் ஃபோலேட் என்கிற இன்னொரு வைட்டமின், சோகை வெளியே தெரியாமல் மறைத்துவிடுவதும் உண்டு. ஒரு டம்ளர் பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கும். தினமும் பால், தயிர், முட்டை என்று சாப்பிட்டால் சமாளிக்கலாம், அப்போதும் அவ்வப்போது ரத்தத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்பைருலினாவில் பி12 இருக்கிறது என்று விற்பார்கள், அதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம்.

அயோடினுக்கு அயோடின் கலந்த உப்பு போதும். மீனை விடுகிறவர்கள் ஒமேகா-3-க்கு ஆளி விதைப் பொடியோ வால்நட்டோ சேர்த்துக்கொள்ளலாம், அதிலிருந்து உடம்பு தனக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது கொஞ்சம்தான் என்பதால் விருப்பப்பட்டால் பாசியிலிருந்து எடுக்கும் எண்ணெய் மாத்திரையும் இருக்கிறது.

சத்தெல்லாம் சரியாக இருந்தும் பலர் விட்டுவிடுவது நாக்கினால்தான், இதை ஒப்புக்கொள்ளத்தான் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. கறியில் நாம் விரும்புவது எது என்று பிரித்துப் பார்த்தால், அடிநாக்கில் நிற்கிற அந்தச் சுவை, கொழுப்பு, மெல்லும்போது பல்லுக்குக் கிடைக்கிற எதிர்ப்பு, வறுபட்ட மணம், இவ்வளவும்தான். ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா 1908-இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அது கறிக்கு மட்டும் சொந்தமானது கிடையாது. காளானில் இருக்கிறது, காய்ந்த காளானில் இன்னும் அதிகம், சுண்டக் காய்ச்சிய தக்காளியில், சோயா சாஸில், நாள்பட்ட சீஸில் எல்லாம் இருக்கிறது. காளானைத் தண்ணீர் விட்டு அவிக்காமல், அகலமான சட்டியில் கூட்டமில்லாமல் போட்டு, தண்ணீர் வற்றி ஓரம் பழுப்பாகும்வரை விட்டுப் பாருங்கள், வேறு பொருளாக இருக்கும். டோஃபுவையும் பனீரையும் தண்ணீர் பிழிந்து, மசாலா தடவி, நன்றாகச் சிவக்க வறுங்கள். மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு மசாலாவில் போட்டால்தான் சாறு உள்ளே இறங்கும், இல்லாவிட்டால் சக்கை மென்றது போலத்தான் இருக்கும். நீங்கள் கறிக்கு என்ன மசாலா போடுவீர்களோ அதே மசாலா, அதே கையோடு போடுங்கள். காய்தானே என்று மசாலாவில் கஞ்சத்தனம் செய்வதுதான் சப்பென்று போவதற்குக் காரணம்.

கறி மாதிரியே செய்து விற்கிற பொருட்கள் இப்போது நிறைய வருகின்றன. மாறுகிற காலத்தில் ஒரு பிடிமானமாக வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் பலவற்றில் உப்பு அதிகம், பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள், தினச் சாப்பாடாக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

ஒரேயடியாகவா, படிப்படியாகவா என்பதற்கு என் பதில், காரணத்தைப் பொறுத்தது. உயிரைக் கொல்ல மனம் வரவில்லை என்று மாறுகிறவருக்குப் படிப்படி என்பது சித்திரவதை, அவர் ஒரே நாளில் நிறுத்துவதுதான் சரி, ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வாரம் சமைத்துப் பழகட்டும். உடம்புக்காகவோ சுற்றுச்சூழலுக்காகவோ மாறுகிறவர் வேளை வேளையாக மாறட்டும். முதலில் காலைச் சாப்பாடு முழுவதும், அது படிந்த பிறகு வீட்டில் சாப்பிடும் இரவுச் சாப்பாடு, கடைசியில் மதியம். "இந்த மாதம் ஆட்டுக்கறி, அடுத்த மாதம் கோழி" என்று ஒவ்வொன்றாக விடுகிற முறை எனக்கு அவ்வளவு பிடிக்காது, ஒன்றை விடும்போது இன்னொன்று கூடிவிடுகிறது, புதிதாக எதையும் சமைக்கக் கற்றுக்கொள்வதும் இல்லை. எந்த வழியில் போனாலும், களைத்து வந்த ராத்திரியில்கூட யோசிக்காமல் செய்யக்கூடிய ஐந்து சாப்பாடு கைவசம் இருக்க வேண்டும், வயிறு நிறைய, புரதத்தோடு. அது வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. வேகவைத்த கடலையைப் பொட்டலம் போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் இதில் பெரிய உதவி. நடுவில் ஒரு நாள் கறி சாப்பிட்டுவிட்டால் எல்லாம் போச்சு என்று கணக்கை மூட வேண்டாம், அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள்.

உடல்நலத்துக்காக என்றால் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது, சிவப்பு இறைச்சியை அநேகமாக உண்டாக்கக்கூடியது என்ற வரிசையில் வைத்தது. இங்கிலாந்தில் சுமார் 48,000 பேரைப் பதினெட்டு வருடம் போலத் தொடர்ந்து கவனித்து ஆக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சைவம் சாப்பிட்டவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் 22 சதவீதம் குறைவாக இருந்தது, அதே சமயம் பக்கவாதம் 20 சதவீதம் அதிகமாக இருந்தது. அதே ஆய்வுக் குழுவினரின் 2020 முடிவுகளில் இடுப்பெலும்பு முறிவும் சைவம் சாப்பிடுகிறவர்களிடம் அதிகம் தெரிந்தது, பாலும் விட்டவர்களிடம் இன்னும் அதிகம். இவை கவனித்துப் பார்த்த ஆய்வுகள், இதனால்தான் அது வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, கறியை விட்டாலே காப்பு என்று இருந்துவிடாமல் புரதம், கால்சியம், பி12 மூன்றையும் கவனித்துச் சாப்பிட வேண்டும் என்பதுதான்.

வெளியே சாப்பிடும்போது கண்ணுக்குத் தெரியாமல் வருபவை சில உண்டு: சூப்பிலும் சாதத்திலும் எலும்பு வேகவைத்த தண்ணீர், ஜெல்லி மிட்டாயிலும் மாத்திரைக் கூடுகளிலும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், சில சீஸ்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட், சில சாஸ்களில் மீன். எவ்வளவு தூரம் கறாராக இருப்பது என்பது உங்கள் முடிவு. முதல் மாதத்தில் இதற்காக ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம் என்பேன், கொள்கைக்காக மாறுகிறவர் மட்டும் கேட்டுச் சாப்பிடட்டும்.

வீட்டில் மற்றவர்கள் கறி சாப்பிடுகிறவர்கள் என்றால், தொடங்குவதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள், உங்களுக்கான ஒரு பதார்த்தத்தை நீங்களே செய்துகொள்ள முன்வாருங்கள். சமைக்கிறவர் தலையில் இரண்டு சமையலைச் சுமத்திவிட்டு ஆதரவு எதிர்பார்ப்பது நியாயமில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் தட்டைப் பற்றிப் பேசவும் வேண்டாம்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், வளரும் பிள்ளைகள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேட்காமல் தொடங்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் அதிலிருக்கும் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தே பி12 ஏறுவதைக் குறைக்கும், சைவமும் சேர்ந்தால் இரட்டிப்புக் கவனம் தேவை. முன்பு எப்போதாவது உணவை வெறுத்து ஒதுக்குகிற மனநோய் இருந்தவர்களுக்கு இன்னொரு பட்டியல் "கூடாது"கள் நல்லதில்லை, அவர்கள் கட்டாயம் யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றவர்களும் தொடங்கும் முன்பே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்பு இருப்பைக் காட்டும் அளவு), பி12, வைட்டமின் டி நான்கையும் ஒருமுறை பார்த்து எழுதிவையுங்கள். கறி சாப்பிடுகிறவர்களிலும் இவை குறைவாக இருப்பவர்கள் ஏராளம், ஆரம்ப அளவு தெரியாமல் பிறகு பார்த்தால் பழி முழுவதும் சைவத்தின் மேல் விழும். ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் ஃபெரிட்டினையும் பாருங்கள், இரும்பு இருப்பு கரையத் தொடங்கினால் அதில்தான் முதலில் தெரியும்.